வளையலும் வெளிச்சமும்

மழை ஓய்ந்து மேகம் கவிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், எம்மிடம் முன்னர் பயின்ற மாணவன் ஒருவன் வெலிமடையிலுள்ள எமது இல்லத்துக்கு வந்தான். தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்தவன். இப்பொழுது கல்யாணங்களுக்குப் படம் பிடித்துப் பிழைக்கின்றான். மணமக்களை அலங்கரித்த காரின் அருகே நிறுத்தி, வெட்டவெளியிற் படம் எடுப்பது இந்நாளில் வழக்கமாகிவிட்டதன்றோ?

அவ்வாறு எடுத்த படமொன்றை எம்மிடம் நீட்டினான். நண்பகல் வெயிலிலே காரின் பொனட் கண்ணைப் பறித்தது. மணமகளின் கண்களோ இருளில் மூழ்கிக் கிடந்தன.

"பெண் வீட்டார் மனம் நொந்துவிட்டார்கள், சேர். பெரிய லைட் ஒன்று வாங்க வேண்டும். வளையலை அடகு வைக்க அம்மா சம்மதித்துவிட்டார்" என்றான்.

வளையல் என்ற சொல் எம்மைச் சுட்டது. "தம்பி, அடகுக் கடைக்குப் போகுமுன் முற்றத்துக்கு வா" என்றோம்.

முற்றத்தில் எமது பழைய கார் நின்றது. அவனிடமிருந்த சிறிய பிளாஷ் விளக்கை நேரே அடிக்கச் சொன்னோம். கதவிலே கூரிய வெள்ளைப் புள்ளியொன்று தெறித்தது. பின்னர் வெள்ளை வேட்டியொன்றை இருவர் விரித்துப் பிடிக்க, அதனூடாக அடித்தான். புள்ளி மறைந்தது, கதவு முழுவதும் மெல்லொளி படர்ந்தது.

காரணம் எளிது. காரின் மினுக்குப் பூச்சு ஒரு கண்ணாடி. விளக்கின் வலிமையை மட்டுமன்றி அதன் உருவத்தையும் அது காட்டிவிடும். ஒளி தரும் பரப்பு அகன்றால் முகத்தின் நிழலும் மென்மையாகும். தூரமும் முக்கியம்: விளக்கை இருமடங்கு தூரத்தில் வைத்தால் ஒளி நாலிலொன்றாகக் குறையும். ஆகவே அருகில் நிற்கும் சிறு விளக்கு, தொலைவில் நிற்கும் பெரு விளக்குக்கு ஈடாகலாம்.

பெரிய விளக்கு வேண்டவே வேண்டாமா? உச்சி வெயிலோடு போட்டியிட வேண்டும். பல கமராக்களில் ஏறத்தாழ 1/200 செக்கன் வேகத்துக்கு மேற் சாதாரண பிளாஷ் ஒத்துழையாது. அதற்கான தனி முறையைக் கையாண்டால் ஒளி குன்றும். அத்தகைய நாட்களுக்குப் பெரிய விளக்கை வாடகைக்கு எடுக்கலாம். மற்ற நாட்களில் மாலை வெயிலும் ஊவா மலைகளின் மூடுபனியும் பாதி வேலையைச் செய்துவிடும்.

1875-இல் இலங்கையிற் குடியேறி, 1879-இல் மறைந்து, போகவந்தலாவையில் அடக்கமான ஜூலியா மார்கரெட் கமரனிடம் மின்விளக்கு ஏது? பகலொளியை அடக்கியாண்டே அவர் உலகப் புகழ் பெற்றார்.

மாணவன் வெள்ளைக் குடையொன்றும் தாங்கியொன்றும் மட்டுமே வாங்கினான். மலைக்காற்று குடையைச் சாய்த்துவிடாதிருக்கத் தாங்கியின் அடியில் மணற்பை கட்டவும் பழகினான்.

சில வாரங்களின் பின், ஒரு மாலையில் மீண்டும் வந்து ஒரு படத்தைத் தந்தான். அதிலே மணமகளும் இல்லை, காரும் இல்லை. தேயிலைச் செடிகளின் நடுவே அவனுடைய தாயார் நின்றார். அடையாள அட்டைக்காக எடுத்ததைத் தவிர, அந்த அம்மாளுக்கு அதுவரை வேறு படமே இல்லையாம்.

முகத்திலே ஒரு சுருக்கமும் மறையவில்லை. ஒரு சுருக்கமும் கடுமையாகத் தெரியவுமில்லை. வளையல் கையிலேயே இருந்தது.