கரையில் நிற்கும் எஞ்சினின் உயிர்

கொழும்பு பம்பலப்பிட்டியில் கரையோர ரயில் ஏறினால் வெள்ளவத்தையை அடுத்து வருவது தெகிவளை. அங்கே கடற்கரை மணலில் பைபர் படகுகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். மேற்குக் கடல் கொந்தளிக்கும். தொழிலுக்குப் போகும் நாட்கள் குறையும். அப்போது படகுகளின் எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பார்கள், இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுப்பார்கள். அப்படி ஓய்வுக்கு வரும் எஞ்சின்களைப் பராமரிக்கும் ஒருவரின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன்.

பல வாரம் ஓடாமல் கிடந்த எஞ்சின் ஒன்றின் காபரேட்டரைக் கழற்றி, அடியில் தேங்கியிருந்த பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் வடித்தார். பக்கத்தில் புதுப் பெற்றோல் இருந்த போத்தலை வைத்தார். பழையது தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தது. "மணந்து பாருங்க தம்பி. புதுசு மூக்கில சுள்ளென்று ஏறும். இது புளிச்ச வாடை. எனக்கு மூக்குதான் முதல் மீட்டர்" என்றார்.

அந்த மூக்குக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பற்ற வைக்கிறது. நாளாக ஆக அது பறந்துவிடும். மிஞ்சியது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து பிசினாகி, காபரேட்டரின் ஊசித்துளை போன்ற ஜெட்டுகளை அடைக்கும். பாதி நிரம்பிய தாங்கியில் கடற்காற்றின் ஈரம் இரவில் நீராகி அடியில் இறங்கும். எதனோல் கலந்த பெற்றோல் என்றால் ஆபத்து இன்னும் கூட. எதனோல் ஈரத்தை இழுத்து, அளவு மீறியதும் நீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்துவிடும். 20 சதவீத எதனோல் கலப்புக்கு மாறிவிட்ட இந்தியாவில் படகுக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

அன்று ஓய்வுக்கு வந்த இன்னொரு எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி, நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவினார். தாங்கியில் புதுப் பெற்றோல் ஊற்றி, அது கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்தை அளந்து விட்டார். "கெட்ட பிறகு இதை ஊத்தி வேலையில்ல. நல்லா இருக்கும்போதே ஊத்தணும்." மருந்து கலந்த பெற்றோல் காபரேட்டர் வரை போய்ச் சேர ஏறக்குறைய 10 நிமிடம் ஓட்டினார். பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை விட்டார். காபரேட்டரின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்தார். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு, கையால் கயிற்றை மெல்ல இழுத்துச் சுழற்றினார். எந்த இடத்திலும் அவசரம் காட்டவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இன்னொரு ஒழுங்கு உண்டு. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வரும்போது மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, பிறகே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் குளிர்ந்த எஞ்சின் லேசில் பற்றாது.

இலங்கையின் 2022 எரிபொருள் நெருக்கடி இந்த வேலையின் அருமையைக் காட்டியது. மீனவர்கள் வரிசையில் நின்று கிடைத்ததைக் கானில் சேர்த்து வைத்தார்கள். பழையதைக் கொட்ட மனமில்லாமல் புதியதோடு கலந்தார்கள். அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலையில் கெட்டுப்போன ஒவ்வொரு லீற்றரும் ஒரு வீட்டின் அரிசிக் காசு.

நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கடலையும் காற்றையும் பழிக்கிறோம். பல நேரங்களில் அந்தப் பழுது கரையில், மூடிவைத்த தாங்கிக்குள் தொடங்கியிருக்கும். ஆகவே உயிர்காப்பு அங்கி வழங்குவதைப் போலவே எஞ்சின் பராமரிப்பையும் கடற்பாதுகாப்பாக எண்ண வேண்டும். பருவக்காற்று தொடங்குமுன் ஒவ்வொரு கரையிலும் இப்படிப்பட்ட ஒரு மெக்கானிக்கை அழைத்து, கூலி கொடுத்து, இளைஞர்களுக்கு இந்த வேலையைச் செய்துகாட்ட வைக்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களால் முடியக்கூடிய காரியம்தான் இது.