அரைக் குளிசை

செல்வம் குறைந்தால் முதலில் அறிபவர் கடன்காரர். தலைமயிர் குறைந்தால் முதலில் அறிபவர் சலூன்காரர். எமக்கு நாற்பத்து மூன்று வயது நிறைந்த ஆண்டில் ஒரு நாள், அவர் மயிர் வெட்டி முடித்து, வழமைபோலப் பின்புறத்தே சிறு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். உச்சியிலே ஐந்து ரூபாய்க் குற்றியளவு வெளிச்சம்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் கண்ணாடியைச் சற்று விரைவாக எடுத்துவிட்டார். அந்த விரைவே எம்மைச் சுட்டது.

எமது தந்தையார் காலமானபோது, கொள்ளி வைக்கும் கடமைக்காகத் தலையை முழுதும் மழித்துக்கொண்டு ஊரார் நடுவே நின்றவர்கள் நாம். அன்று வெட்கம் என்பதே தோன்றவில்லை. நாமாகக் கொடுப்பதற்கும் எம்மைக் கேளாமல் போவதற்கும் இடையே இத்துணை வேற்றுமை உண்டு போலும்! கரும்பலகையில் சமன்பாடு எழுதத் திரும்பும்போதெல்லாம், பின்னாலுள்ள நாற்பது சோடிக் கண்களும் சமன்பாட்டை விட்டு எமது உச்சியையே பார்ப்பதாக ஒரு நினைவு. இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பலகையைப் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகினார் என்றால் வாசகர் நகைப்பர். நாம் அவ்வாறு பழகினோம்.

அந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து எமது மனைவியின் தம்பியார் வந்தார். எம்மிலும் இளையவர், ஆயினும் எமக்கு முன்னரே வழுக்கை கண்டவர். இப்போதோ தலை நிறைய மயிர்! தனிமையில் விசாரித்தோம்.

"பூச்சு இல்லை, அத்தான். குளிசை. அங்கே தோல் வைத்தியர் சோதித்துப் பார்த்து எழுதித் தந்தவர். ஒரு நாளைக்கு அரைவாசி போதும்" என்றார். திரும்பிப் போகும்போது ஒரு சிறு போத்தலையும் எமது கையில் வைத்துவிட்டுப் போனார். அதிலே 'மினொக்சிடில், 2.5 மில்லிகிராம்' என்று எழுதியிருந்தது.

ஆய்வுகூடத்திலே மாணவருக்கு நாம் ஓயாது கூறும் புத்திமதி ஒன்றுண்டு: போத்தலில் ஒட்டிய துண்டை முழுதும் வாசியாமல் மூடியைத் திறவாதே. அப்புத்திமதி ஆய்வுகூட வாசலோடு நின்றுவிட்டது. குருதியமுக்கத்துக்கென நாம் ஏற்கெனவே நாள்தோறும் ஒரு குளிசை விழுங்கி வந்தோம். இந்தப் புதுக் குளிசை எந்த இனத்தைச் சேர்ந்தது என்று நாம் பார்க்கவில்லை. பழைய வினாத்தாள் கட்டுக்குப் பின்னால் போத்தலை மறைத்துவைத்து, மனைவி அறியாமல் விழுங்கத் தொடங்கினோம்.

மூன்றாம் வாரத்திலே விபரீதம் தொடங்கிற்று. மயிர் முளைப்பதற்குப் பதிலாக முன்னிலும் அதிகமாகக் கொட்டிற்று. தலையணை உறை முழுதும் மயிர். மருந்து போதவில்லை என்று முடிவுசெய்தோம். அரை ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. மருந்தும் மயிரும் நேர்விகிதத்தில் வளரும் என்பது எமது அன்றைய கணக்கு.

மூன்றாம் மாதமளவில் உச்சியிலே மெல்லிய பூனைமயிர் அரும்பியது உண்மை. கன்னத்தின் மேலும் காதோரத்திலும் அரும்பியதும் உண்மை. அதைச் சவரக்கத்தியால் தீர்த்துக்கொண்டோம். ஆனால் நெஞ்சு ஓடிவந்தவனுக்குப் போல அடித்துக்கொண்டதைத் தீர்க்கக் கத்தி இல்லை. மாலையிலே சப்பாத்துக் கால்களை இறுக்கிற்று. ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில் அட்டாங்க நமஸ்காரம் செய்து எழுந்தபோது தூண்களெல்லாம் சுழன்றன. அருகில் நின்ற ஐயா ஒருவர் பிடித்திராவிட்டால் கல்லிலே தலை மோதியிருக்கும்.

அன்றிரவு மகள் எமது கால்களைப் பார்த்தாள். "அப்பா, விரலாலை அமத்தினால் குழி விழுகுது" என்றாள். மறுநாளே வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள்.

அந்த வைத்தியர் எம்மிடம் உயர்தர வகுப்பில் படித்தவர். எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். குருதியமுக்கம் பார்த்தார், வழமைக்கு மிகக் குறைவு. நாடி பார்த்தார், வழமைக்கு மிக வேகம்.

"வேறு மருந்து ஏதும் குடிக்கிறீங்களோ, சேர்?"

"இல்லைப் பிள்ளை" என்றோம். எமது மாணவியின் முன்னே, கூசாமல் ஒரு பொய்!

பக்கத்தில் இருந்த மகள் ஒன்றும் பேசவில்லை. தன் பையைத் திறந்து, வினாத்தாள் கட்டுக்குப் பின்னால் இருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். அந்தச் சிறு ஓசை இன்றும் எமது காதில் நிற்கின்றது.

வைத்தியர் நகைக்கவுமில்லை, கடியவுமில்லை. பாடம் சொல்வதுபோல எடுத்துச் சொன்னார். பின்னர் நாமும் தேடி வாசித்தோம். வாசகருக்குப் பயன்படும் என்பதால் அதன் சாரத்தை இங்கே தருகின்றோம்.

மினொக்சிடில் மயிருக்காகப் பிறந்த மருந்தன்று. 1979இல் அமெரிக்காவிலே 'லொனிற்றென்' என்னும் பெயரில், வேறு மருந்துக்கு அடங்காத கடுமையான குருதியமுக்கத்துக்கு அனுமதிக்கப்பட்டது. குருதிக் குழாய்களை விரியச் செய்வதே அதன் தொழில். அந்நோயாளர் நாளொன்றுக்கு வழமையாக 10 முதல் 40 மில்லிகிராம் வரை உட்கொள்வர். அது நாடியை விரைவாக்கி உடலில் நீரைத் தேக்கும் என்பதால், அவற்றைத் தணிக்க வேறு இரு மருந்துகளும் கூடவே கொடுக்கப்படும். குடித்தவர்களின் முகத்திலும் கைகளிலும் மயிர் செழித்தது. அந்த வேண்டாத விளைவையே வேண்டியதாக்கி, 1988இல் 'றொகெயின்' என்னும் தலைப்பூச்சு வெளிவந்தது. பூச்சு பிசுபிசுக்கின்றது, அரிக்கின்றது என்று பலர் கைவிட்டதால், மிகச் சிறிய அளவிலே குளிசையாகக் கொடுத்துப் பார்க்கும் முயற்சி எழுந்தது. மெல்பேர்ணைச் சேர்ந்த தோல் வைத்தியப் பேராசிரியர் றொட்னி சின்கிளயர், 100 பெண்களுக்குக் கால் மில்லிகிராமை வேறொரு மருந்துடன் சேர்த்துக் கொடுத்துக் கண்ட பயனை 2018இல் வெளியிட்டார். இன்று பெண்களுக்கு அதனையொத்த சிற்றளவும், ஆண்களுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவும் எழுதப்படுகின்றன. ஆனால் 1979இல் கிடைத்த அனுமதி குருதியமுக்கத்துக்கே. மயிருக்காக எழுதும் வைத்தியர் தம் பொறுப்பிலேயே எழுதுகின்றார்.

இக்குளிசையை நஞ்சென்று தள்ளுவதும் நேர்மையன்று. சிற்றளவில் உட்கொண்ட 1,404 பேரைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வின்படி, 100 பேரில் 15 பேருக்கு வேண்டாத இடத்தில் மயிர் வளர்ந்தது. தலைச்சுற்றும் நீர்த்தேக்கமும் தனித்தனியே 100க்கு இருவருக்கும் குறைவானவர்க்கே நேர்ந்தன. அற்புதம் என்று கொண்டாடுவதற்கும் இடமில்லை. பிரேசில் நாட்டில் 90 ஆண்களைக்கொண்டு செய்து 2024இல் வெளியிட்ட பரிசோதனையிலே, 5 மில்லிகிராம் குளிசை பூச்சைவிட மேலானதாகக் காணப்படவில்லை.

"முதல் வாரங்களிலே மயிர் கொட்டுவது இந்த மருந்தின் வழமை, சேர். பழைய மயிர் விழுந்துதான் புதியது வரும். அதைக் கண்டு பயந்து அளவைக் கூட்டிப்போட்டீங்கள். அதோடை ஏற்கெனவே ஒரு பிறசர்க் குளிசை. இரண்டும் சேர்ந்து இழுத்துவிட்டது" என்றார் வைத்தியர். பின்னர் குரலைத் தாழ்த்தி, "நியமிப்புச் செய்யேக்கை கடைசித் துளியைக் கவனி என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தானே?" என்றார்.

பினோத்தலீன் இட்ட கரைசலில் அளவியிலிருந்து ஒரு துளி மிஞ்சி விழுந்தால் நிறம் கடுஞ் சிவப்பாகிப் பரிசோதனை பாழாகும். இருபது ஆண்டுகளாக இதைக் கற்பிக்கும் நாம், எமது உடலிலே துளிகளை எண்ணாமல் ஊற்றினோம். வாய் திறக்க இயலவில்லை.

இருதயமும் சிறுநீரகமும் சோதிக்கப்பட்டன, இறையருளால் பழுதில்லை. எமது உடல்நிலைக்கு அக்குளிசை வேண்டாம் என்று வைத்தியர் நிறுத்தினார். வீக்கம் சில நாட்களில் வடிந்தது. விட்டால் வந்த மயிரும் போய்விடும் என்றார். சில மாதங்களில் அவ்வாறே போயிற்று. மைத்துனர் இன்றும் அரைவாசி உட்கொண்டு நலமாக இருக்கின்றார். அவருக்கு எழுதப்பட்டது அவருக்கு மருந்து. எமக்கு அது வெறும் ஆசை.

நிற்க. சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்தபின் தயங்கி நின்றான். குளிக்கும்போது கைநிறைய மயிர் கழன்று வருகின்றதாம். இணையத்தில் பார்த்து ஒரு குளிசையின் பெயரையும் எழுதிவைத்திருந்தான். கடதாசியை வாங்கிப் பார்த்தோம். அதே பெயர்!

புத்திமதி சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. வினாத்தாள் கட்டையும், சப்பாத்தையும், கோவில் தூணையும், மேசையில் வைக்கப்பட்ட போத்தலையும் ஒன்றும் விடாமல் சொன்னோம். சிரித்தான், பின்னர் சிரிப்பை விட்டான். அதே வைத்தியரிடம் அவனை அனுப்பினோம். இரண்டரை மாதத்துக்கு முன் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்திருந்தது. கடுங் காய்ச்சலின் பின் இரண்டு மூன்று மாதத்தில் இவ்வாறு கொட்டுவதும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே தணிவதும் வழமையாம். குளிசை எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது அவன் தலையில் புதுமயிர் குட்டையாக நிமிர்ந்து நிற்கின்றது. நாம் பலகைக்கு நேரே திரும்பி நின்று எழுதுகின்றோம். பின்னாலிருந்து பார்ப்பவர் பார்க்கட்டும். எமது வீட்டு வினாத்தாள் கட்டுக்குப் பின்னால் இன்று வினாத்தாள்களே இருக்கின்றன.