வளையத்தின் அடியில்

தந்தையார் மறைந்த பின் அவருடைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் நான்கு ஆண்டுகள் அலமாரியிலேயே கிடந்தது. சாவி கொடுத்தால் ஓடும். ஆனால் கண்ணாடி முழுவதும் கீறல், மணி தெரியாது. கண்ணாடியை மாற்ற, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையத்தை முதலில் கழற்ற வேண்டும். பெசல் என்பர் கடிகாரம் பழுதுபார்ப்போர். அதுவோ அசையவே இல்லை.

எங்களில் மூத்தவர் திருப்புளியை எடுத்து நெம்பினார். விளிம்பில் ஒரு வடு விழுந்ததுதான் மிச்சம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகார உற்பத்தியை மூட, 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்துவிட்டது. வளையம் நெளிந்தால் மாற்று வளையத்துக்கு எங்கே அலைவது? அஞ்சி நிறுத்தினோம்.

விருதுநகர் தெப்பக்குளத்துக்கு அருகில் கடை வைத்திருந்த முதியவரிடம் கொண்டுபோனோம். வடுவைக் கண்டதும், "சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைங்கதானே? மருந்து அறைக்குள்ள இரும்பைக் கொண்டு போவீங்களா?" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. தந்தையார் பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். பொறி பறக்கலாகாது என்று அங்கே மரமும் பித்தளையுமே கருவிகள். கடிகாரத்தைக்கூட வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே செல்வார்.

பெரியவர் அவசரப்படவில்லை. பின்மூடியைத் திறந்து இயந்திரத்தையும் முகப்பையும் வெளியே எடுத்து வைத்தார். எண்ணெய் கசிந்தால் முகப்பு கறைபட்டுவிடுமாம். வளையம் திருகு மரையா, அழுத்திப் பொருத்தியதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். அழுத்திப் பொருத்தியதுதான். அடியில் நகக்கண் அளவு பள்ளம் ஒன்று அழுக்கில் மூடிக்கிடந்தது. நெம்ப வேண்டிய இடமே அதுதான். அண்ணன் நெம்பியதோ அதற்கு நேர் எதிரில்!

பல்குத்தும் குச்சியால் இடுக்கைச் சுரண்டினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்தார். தீயில் காட்டினாலும் அசிட்டோன் தொட்டாலும் அந்த நெகிழிக் கண்ணாடி கெட்டுவிடும் என்று எச்சரித்தார். (மாற்றப்போகும் கண்ணாடிதானே என்று கேட்க வாய் வரை வந்தது, புதியது பொருந்தும் வரை பழையது அளவுக்கு வேண்டுமென்று அவரே சொல்லிவிட்டார்.) மறுநாள் கடிகாரத்தின் உடலில் ஒட்டுநாடா சுற்றி, மெல்லிய கத்தி முனையைப் பள்ளத்தில் வைத்து, நெம்பாமல் இலேசாகத் திருப்பினார். கத்தி வழுக்கினால் கிழியாதிருக்க விரலுக்குத் துணி சுற்றியிருந்தார். மயிரிழை இடைவெளி தெரிந்ததும் அங்கே ஒரு மூங்கில் சிம்பைச் செருகி, அடுத்த இடத்துக்குச் சென்றார். ஒரே இடத்தில் தூக்கினால் வளையம் கோணிவிடும். முக்கால் சுற்று வந்ததும் 'டிக்'கென்று விடுபட்டது.

அடியில் வியர்வையில் இறுகிய சாம்பல்நிற அழுக்கு. அதனிடையே வெள்ளியாய் மினுங்கும் தூள். அலுமினியம். மாலையில் எத்தனை முறை கழுவினாலும் அந்த மினுக்கம் போகாத விரல்களால்தான் தந்தையார் கடிகாரத்தை எடுத்துக் கட்டுவார்.

பெரியவர் தூரிகையை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றாள் தங்கை. ஒரு தாளை விரித்து அதன்மேல் தட்டச் சொன்னாள்.

புதிய கண்ணாடி பொருந்திவிட்டது. திருப்புளியின் வடு மட்டும் அப்படியே இருக்கிறது; தேய்த்துத் தரவா என்று அவர் கேட்டதற்கு அண்ணன் வேண்டாமென்று தலையசைத்தார்.