அணியின் அகம்

ஆறாம் ஆண்டு மாணவர்க்குச் சிலப்பதிகாரக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வினா தவறாமல் எழும். "மாணிக்கத்தை ஏன் ஐயா சிலம்புக்கு உள்ளே போட்டார்கள்? வெளியே பதித்திருந்தால் எல்லாரும் பார்த்திருப்பார்களே?" அந்த வினாவை எதிர்பார்த்தே ஒவ்வோராண்டும் நான் அப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

சிலம்பு காண்பதற்கு மட்டும் அமைந்த அணியன்று, கேட்பதற்கும் அமைந்தது. சிலம்புதல் என்றாலே ஒலித்தல்தான். உட்புழையுள்ள வளையத்தினுள் பரல்களை இட்டு மூடிவிட்டால், அடி பெயரும்தோறும் அவை உருண்டு ஒலிக்கும். கண்ணகியின் சிலம்பில் பரலாக இருந்தவை மாணிக்கம். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தவை முத்து. புறத்தே இரண்டும் ஒத்திருந்தமையால் பொற்கொல்லனின் சூழ்ச்சி பலித்தது. அகத்தைத் திறந்து பார்க்கும் எண்ணம் பாண்டியனுக்கு உரிய நேரத்தில் தோன்றவில்லை. "உடைக்காவிட்டாலும் குலுக்கியாவது பார்த்திருக்கலாமே" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி வாதிட்டாள். அவள் வழக்கறிஞராக வருவாள் என்று நம்புகிறேன்.

நம் பொற்கொல்லர்கள் அணிகளுக்குள் மறைத்துவைத்த நுட்பங்கள் பல. காப்பின் இரு பாதிகளையும் ஒருபுறம் கீல் இணைக்க, மறுபுறம் திருகாணி பூட்டும். பூ வேலைப்பாட்டினுள் அந்த ஆணியின் தலை மறைந்திருக்கும். நம் பாட்டியர் காதில் தொங்கிய பாம்படம் பார்வைக்குக் கெட்டித் தங்கம். உள்ளே அரக்கு நிரப்பியது. தாயத்தோ சிறு குழல். அதன் வாயைச் சுற்றி மெல்லிய கம்பியைச் சுருளாகப் பற்றவைப்பர். மூடியின் உட்புறத்தும் அவ்வாறே ஒரு சுருள். இரண்டும் ஒன்றையொன்று கவ்விச் சுழன்று இறுகும். இதுவே திருகு. பொடி மணிகளை வரிசையாகக் கோத்த விளிம்பு, மூடி பொருந்தும் இடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். திருகின் புரிக்கு 'மறை' என்றொரு பெயர் உண்டு. 'மறை கழன்றவன்' என்று நாம் ஏசுவது அதைக் கொண்டுதான். ஒளித்தலையும் குறிக்கும் சொல் இந்தச் சின்னஞ்சிறு கம்பிச் சுருளுக்கும் வந்து பொருந்தியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

அணிக்குள் ஒன்றை ஒளித்துவைக்கும் வேட்கை நம்மவர்க்கே உரியதன்று. மேலைநாட்டுத் திறப்பு மோதிரம் என்றதும் மாணவர்கள் நஞ்சைத்தான் நினைக்கிறார்கள். கார்த்தேசுப் படைத்தலைவன் அன்னிபாலின் முடிவை மோதிரத்தோடு இணைத்து உரோமப் புலவர் யுவனல் பாடியிருக்கிறார். எனினும், அத்தகைய மோதிரங்களில் நறுமணப் பொருளும் அன்புக்குரியோரின் தலைமயிரும் சிற்றோவியமும் இருந்ததுண்டு.

என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் மோதிரம். 1575ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்டது. பிரித்தானியப் பிரதமரின் நாட்டுப்புற மாளிகையான செக்கர்சில் பாதுகாக்கப்படுவதால் 'செக்கர்ஸ் மோதிரம்' எனப் பெயர் பெற்றது. வளையம் முத்துச்சிப்பியால் ஆனது. அதில் மாணிக்கங்கள் பதிந்திருக்கும். முகப்பில் வைரங்களால் அமைந்த 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து. கீல் பொருந்திய அம்முகப்பைத் திறந்தால் உள்ளே எதிரெதிராக இரண்டு சிறிய பெண்முகங்கள். ஒன்று அரசியினுடையது. மற்றது அவர்தம் தாய் ஆன் பொலின் என்பதே பெரும்பாலோர் கொள்கை. மாற்றுக் கருத்துடையோரும் உளர். ஆன் பொலின் 1536 மே 19ஆம் நாள் கணவனான எட்டாம் என்றியின் ஆணையால் தலை வெட்டுண்டபோது, மகளுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அதே ஆண்டில் அம்மகள் முறைப்படி பிறந்தவள் அல்லள் என்று சட்டமும் இயற்றப்பட்டது. நாடாளும் அரசியாக உயர்ந்த பின்னும், தந்தையால் குற்றவாளியாக்கப்பட்ட தாயின் உருவை அரசவைச் சுவரில் மாட்டிவைப்பது எளிதன்று. விரலில் வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது நகத்தால் நெம்பித் திறந்து பார்க்கலாம், யாரேனும் வந்தால் மூடிவிடலாம்.

இம்மோதிரத்தைப் பற்றிப் படித்தபோது என் அப்பாயியின் கழுத்தில் கிடந்த தாயத்து நினைவுக்கு வந்தது. பெற்றோருடன் கப்பலேறி வந்து, பால்மரக் காட்டிலேயே உழைத்து ஓய்ந்தவர் அவர். 2005இல் காலமானார். முப்பது நாள் கழித்து, அவருடைய நகைகளை உருக்கிப் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மோதிரம் செய்யலாம் என்று குடும்பத்தார் முடிவு செய்தனர். நானும் தந்தையாரும் சின்னப்பாட்டியும் பட்டணத்து நகைக்கடைக்குச் சென்றோம்.

கடைக்காரர் முதியவர், தொழில் தெரிந்தவர். தாயத்தைத் தராசில் இடுமுன் விரலிடையே உருட்டிப் பார்த்தார். "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத்தான் நிறுக்க வேண்டும்" என்று சொல்லி மூடியைத் திருகினார். மந்திரத் தகடு இருக்கும் என்று நாங்கள் எண்ணினோம். பழந்துணியில் சுற்றிய, காய்ந்து கறுத்த சிறு சுள்ளி போன்ற ஒன்று வெளிவந்தது. குழந்தையின் தொப்புள்கொடி.

தந்தையார் திகைத்தார். அவருடைய கொடி வைத்த வெள்ளித் தாயத்து வீட்டுப் பெட்டியில் தனியே இருந்தது. அவரோ தலைப்பிள்ளை, அப்படித்தான் ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக எண்ணியிருந்தார். சின்னப்பாட்டி சற்று நேரம் தரையையே பார்த்திருந்தார்.

"ஒனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சுப்பா. பொம்பளப்பிள்ள. ஒங்கப்பன சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிருந்தப்ப, காய்ச்சல்ல போயிருச்சு. அதப்பத்திப் பேசக்கூடாதுன்னு அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர்களுள் என் தாத்தாவும் ஒருவர். பல்லாயிரவர் மாண்ட அவ்விடத்திலிருந்து அவர் உயிரோடு மீண்டார். திரும்பியபோது வீட்டில் குழந்தை இல்லை.

கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. தந்தையார் அந்தத் துணியை முன்போலவே சுற்றி உள்ளே வைத்து மூடியைத் திருகினார். அறுபது ஆண்டுகளைக் கடந்த அந்த மறை சிறிதும் பிசகாமல் கவ்விக்கொண்டது. மற்ற நகைகள் தராசுக்குப் போயின.

குழந்தையின் பெயரைச் சின்னப்பாட்டியால் நினைவுகூர முடியவில்லை. ஆனால் உடன்பிறந்தார் எத்தனை பேர் என்று யாரேனும் கேட்டால், அதுவரை நால்வர் என்று சொல்லிவந்த தந்தையார், அன்றுமுதல் ஐவர் என்றே சொல்லிவருகிறார்.