காட்டுக்குள் ஓடும் பெண்

'ஹங்ரி லைக் த வுல்ஃப்' வீடியோவில் துரத்தப்படும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. டுரான் டுரான் என்ற பிரித்தானியக் குழுவின் பாட்டு அது. 1982-இல் இலங்கையில் படமாக்கினார்கள். இயக்கியவர் ரஸ்ஸல் மல்கஹி. வெள்ளைக்காரப் பாடகர் சந்தை நெரிசலுக்குள் யாரையோ தேடுகிறார். பிறகு காட்டுக்குள் ஒரு பெண்ணின் பின்னால் ஓடுகிறார். கறுத்த தோல், முகத்தில் சாயம், மிருகத்தின் நடை. கடைசியில் இருவரும் கட்டிப் புரளும்போது யார் யாரை வேட்டையாடியது என்று தெரியாமல் போகும். அதனால் அவளுக்கும் அங்கே அதிகாரம் இருக்கிறது என்று என்னோடு வாதாடியவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் போதவில்லை. எவ்வளவு ஓடினாலும் அவர் சட்டை கசங்கிய மனிதராகவே இருக்கிறார். விலங்காவது அவள் மட்டும்தான்.

அதே பயணத்தில் எடுத்த 'சேவ் எ பிரேயர்' வீடியோவில் சிகிரியாக் குன்றும் பொலன்னறுவைச் சிலைகளும் வருகின்றன. அழகான படப்பிடிப்பு, மறுக்க மாட்டேன். யானை, கடல், புத்தர், தீவு மக்கள் எல்லாம் ஒரே வரிசையில் காட்சிப் பொருளாக நிற்பார்கள். அடுத்த ஆண்டு யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1984-இல் குறும் வீடியோவுக்கான கிராமி விருது முதல்முறையாகக் கொடுக்கப்பட்டபோது, ஓநாய்ப் பாட்டு அடங்கிய தொகுப்புக்குத்தான் அது கிடைத்தது.

1986-இல் லண்டனுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இந்த வீடியோவை ஒரு வகுப்புத் தோழியின் வீட்டில்தான் முதலில் பார்த்தேன். "உன்ர நாடு" என்று அவள் ஆங்கிலத்தில் பெருமையாகச் சுட்டிக் காட்டினாள். எனக்குத் தெரிந்த நாட்டில் பனைமரமும் கிணற்றடியும் பதுங்குகுழியும் இருந்தன. அந்தக் காட்டை நானும் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு கொஞ்சக்காலம் பள்ளி நடைபாதையில் என்னைக் கண்டால் இரண்டு பெடியன்கள் புலிபோல உறுமுவார்கள். ஆசிரியை சிரித்துவிட்டுப் போனார். அந்த உறுமலில் இனம் எங்கே முடிகிறது, பெண் எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. என் தம்பியும் அதே பள்ளிதான், அதே நிறம்தான். அவனை அடித்தார்கள், கெட்ட பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உறுமவில்லை.

வீட்டில் அம்மா தையல் மெசினில் இருப்பா. துண்டுக்கு இவ்வளவு என்று காசு. வெட்டிய துணி மூட்டையாக வரும், சட்டையாகத் திரும்பிப் போகும். பாட்டு வீடியோக்களில் எங்களைப்போல யாரையும் காணவில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் எனக்குள் வரும் படம் அதுதான். ஊசியில் நூல் கோக்கும் ஒரு பெண்ணை யாரும் துரத்திக்கொண்டு போகமாட்டார்கள்.

மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ., லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, பிறகு அகதியாக லண்டன் திரும்பியவர். அவருடைய தாயும் தையல் வேலை செய்தவர். 2004-இல் வந்த 'சன்ஷவர்ஸ்' வீடியோவை ராஜேஷ் டச்ரிவர் தென்னிந்தியக் காட்டில் எடுத்தார். மறுபடியும் காடு, மறுபடியும் கறுத்த பெண்கள். ஆனால் இங்கே அவர்களை யாரும் துரத்தவில்லை. பாடுகிறவளே அவர்களில் ஒருத்தி. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வரும் வரியோடு அதை ஒளிபரப்ப எம்டிவி மறுத்தது. பெண்ணை மிருகமாக்கி விரட்டிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்ட அலைவரிசை அது.

அந்த வீடியோவைப் பார்த்து நான் அழுதேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. எங்களுக்கு ஏன் எப்போதும் காடு? இரையாக இல்லாவிட்டால் போராளியாகத்தான் இருக்க வேண்டுமா? பேருந்துத் தரிப்பில் நிற்கிற, வாடகைக்கு அல்லாடுகிற பழுப்புப் பெண் நடுச்சட்டத்துக்கு வர என்ன தடை?

2016-இல் வெளிவந்த, கோல்ட்பிளே மும்பையில் எடுத்த 'ஹிம் ஃபார் த வீக்கெண்ட்' பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஹோலிச் சாயம், சாமியார், சிறுவர்கள். இந்திய நடிகை வேடத்தில் பியோன்சே. சோனம் கபூர் என்ற உண்மையான இந்திய நடிகை கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்து போகிறார்.

'பேட் கேர்ள்ஸ்' தான் எனக்குச் சிக்கல். மொரோக்கோப் பாலைவனத்தில் ரொமெய்ன் கவ்ராஸ் எடுத்து 2012-இல் வெளிவந்தது. அந்த ஆண்டு எம்டிவி இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் விருது கொடுத்தது. முகம் மூடிய பெண்களின் கார்கள் மணலில் சறுக்குகின்றன. இரண்டு சக்கரத்தில் சரிந்து ஓடும் காரின் மேல் உட்கார்ந்து மாயா நகம் அராவுகிறார். அந்த நகம் அராவலுக்கு ஈடாக வேறொன்றை நான் பொப் வீடியோவில் பார்த்ததில்லை. சவூதியில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்த காலம் அது. 2018 யூனில் தடை நீங்கியது. ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்புதான், அந்த உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல்-ஹத்லூலும் வேறு பெண்களும் கைதாகியிருந்தார்கள். அவர்களுடைய முகமோ பெயரோ அந்தப் பாட்டில் இல்லை. பாலைவனத்துப் பெண்கள் மாயாவுக்குப் பின்னணி ஆகிவிட்டார்கள் என்று அரபுப் பெண்கள் சொன்னால் என்னால் மறுத்துப் பேச முடியாது. டுரான் டுரான் செய்ததும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் முற்றிலும் வேறு என்றும் சொல்லமாட்டேன்.

போன மாதம் மகள் அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள்.

"உந்தச் சட்டையெல்லாம் ஆர் தைச்சது?" என்று அம்மா கேட்டா. கரை மடிப்பைப் பார்க்கத் திரைக்குக் கிட்டக் குனிந்தா.

"தெரியேல்லை அம்மம்மா. வீடியோவில அதெல்லாம் போடமாட்டினம்."

"அப்ப கார் ஓடுறது? அது பொம்பிளையள்தானோ?"

மகள் வீடியோவை நிறுத்திப் பின்னுக்குக் கொண்டுபோனாள். ஓட்டுநரின் முகம் துணிக்குள் இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்த்தாள்.