பனிக்காலச் சக்கரங்கள்

'கார்' என்னுஞ் சொல் தமிழிற்குப் புதியதன்று. முகிலையும், கருமையையும், மழைபெய்யும் பருவத்தையும் அச்சொல் நெடுங்காலமாகக் குறித்து வந்தது. மோட்டார் வண்டியோ அதன்கண் இறுதியாகக் குடிபுகுந்த பொருளாகும். நம் இலக்கண நூலார் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் பனிக்குரியவை இரண்டு. எனினும், நாம் அறிந்த பனி புல்நுனியில் நின்று, கதிரவன் எழுந்தவுடன் மறைவது. வெண்பனி மாதக்கணக்கில் நிலத்தை மூடிக்கிடக்கும் நாட்டிலோ காரின் சக்கரங்களுக்கும் பெரும்பொழுது உண்டு என்பதனை எம் தமையனார்வாயிலாக அண்மையில் அறிந்தோம். அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் தமையனார் கனடா நாட்டில் கியூபெக் மாகாணத்து மாண்ட்ரியல் நகரில் வாழ்கின்றார். விடியுமுன் புறப்பட்டு நெடுஞ்சாலை வழியே தொழிற்சாலைக்குச் செல்பவர். வண்டிகளின்மேல் அவருக்கு இளமைதொட்டே பெருங்காதல். சென்ற கோடையில், வேறொருவரிடம் இருந்த 2018ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் கால்ஃப் ஆர் என்னும் விரைவு வண்டியை விலைக்கு வாங்கினார். நான்கு சக்கரங்களையும் பொறியே இயக்கும் அவ்வண்டி ஏறத்தாழ 290 குதிரைத்திறன் உடையது. அதில் பூட்டியிருந்தவை 19 அங்குலச் சக்கரங்களும் கோடை டயர்களும் ஆம்.

ஐப்பசித் திங்களில் ஒருநாள் அவர் எமக்குச் செல்பேசிவழி மூன்று விலைப்பட்டியல்களை விடுத்து, "தம்பி, இவற்றைப் பார்த்து உன் கருத்தைச் சொல், அம்மாவுக்கு இப்போது ஒன்றும் சொல்லாதே" என்று எழுதினார். முதற்பட்டியல், பழைய சக்கரங்களிலேயே பூட்டத்தக்க, எல்லாப் பருவத்திற்கும் உரிய டயர்கள். இரண்டாவது, 19 அங்குல அளவிலேயே ஒளிமிக்க புதுச் சக்கரங்களும், விரைவு வண்டிகட்கென்று செய்யப்படும் குளிர்கால டயர்களும். மூன்றாவது, 18 அங்குல எளிய சக்கரங்களும், பனிக்கட்டிக்கென்றே அமைந்த டயர்களும். முதலாவதைக் கொண்டால், எஞ்சும் பணத்தில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வீடு வரலாம். ஏனைய இரண்டும் விமானக் கட்டணத்தை விழுங்கிவிடும். அவர் வீடு வந்து மூன்றாண்டுகள் ஆயின. அம்மாவுக்குச் சொல்லாதே என்றதன் பொருள் எமக்கு விளங்கிற்று.

முதலில் சட்டத்தை ஆராய்ந்தோம். கியூபெக்கில் குளிர்கால டயர் பூட்டவேண்டும் என்னும் விதி 2008ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2019 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 முடிய அவ்விதி செல்லும். டயரின் பக்கத்தில் மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் பனிப்பூவும் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆணி பதித்த டயராயினும் அமையும். முதற்பட்டியலின் டயரிலும் அம்முத்திரை இருந்தது. ஆயின், அம்முத்திரைக்குரிய சோதனை எதனை அளக்கின்றது என்று நோக்கினோம். இறுகிய பனிமேல் டயர் எவ்வளவு பற்றி இழுக்கின்றது என்பதே அங்கு அளக்கப்படுகின்றது. பளிங்குபோன்ற பனிக்கட்டிமேல் எத்துணைத் தொலைவில் வண்டி நிற்கும் என்பதற்கு அம்முத்திரை சான்றாகாது. சட்டத்திற்குப் போதியது உயிர்க்கும் போதியதாகும் என்று கொள்ளுதற்கில்லை.

இனி, கோடை டயர் குளிரில் பயன்படாமை ஏன்? இரப்பர் தட்பத்தில் இறுகும் இயல்பினது. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழ் இறங்கியபின், கோடைக்கென்று கலந்த இரப்பர் தன் நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குகின்றது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அஃது அழுந்திப் பற்றுவதில்லை. கடுங்குளிரில் கட்டை போலாகி வழுக்குகின்றது. குளிர்கால டயரிலோ கடுங்குளிரிலும் மென்மை மாறாத கலவை உளது. அதன் மேற்பரப்பில் எண்ணிறந்த நுண்கீற்றுகள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கீற்றின் விளிம்பும் பனியைக் கவ்வும். அகன்ற பள்ளங்களில் பனி சென்று நிறையும். பனியோடு பனி ஒட்டுமாதலின், அதுவும் பிடிப்பிற்கு உதவும். இத்தகைய டயரைப் பின்லாந்து நாட்டினர் 1934ஆம் ஆண்டில் முதன்முதல் சுமைவண்டிகட்குச் செய்தனர். 1936இல் சிறிய கார்களுக்கும் செய்து, ஹக்கப்பெலீட்டா என்று பெயரிட்டனர். அது முப்பதாண்டுப் போரில் பொருத பின்லாந்துக் குதிரைவீரரின் பெயராகும்.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று எம் தோழர் ஒருவர் வினவினார். இயக்கம் நான்கு சக்கரங்கட்குப் பகிரப்படுவதால் வண்டி எளிதிற் புறப்படும், ஐயமில்லை. ஆனால், நிறுத்தும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களால்தாமே நிற்கின்றன? அப்போது துணைநிற்பது டயரின் பிடிப்பு ஒன்றே. விரைந்து புறப்படும் வண்டி, தான் அடைந்த வேகத்தை மறக்கச் செய்து, ஓட்டுநரை ஏமாற்றவுங்கூடும்.

அடுத்து, 19 அங்குலமோ 18 அங்குலமோ என்னும் வழக்கு. வண்டியின் பழைய டயர் அளவு 235/35 ஆர் 19. அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 35 பங்கு, அஃதாவது 82 மில்லிமீட்டர். மூன்றாம் பட்டியலின் அளவு 225/40 ஆர் 18. இதன் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர். உலோகம் ஓரங்குலம் குறைய, இரப்பர் அக்குறையில் ஒரு பகுதியை நிரப்புகின்றது. மொத்த விட்டம் 647 மில்லிமீட்டரிலிருந்து 637 ஆகும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே வேறுபாடு. வேகமானி உண்மையினும் சிறிதளவு மிகுத்துக் காட்டும், அதனால் கேடில்லை. குறுகிய டயர் ஆழ்ந்த பனியையும் சேற்றையும் பிளந்து தரையை நாடும். உயர்ந்த பக்கச்சுவர், பனி உருகி உறைந்து பிளந்த சாலைக் குழிகளின் அடியைத் தான் ஏற்று உலோகத்தைக் காக்கும். உப்பிட்ட சாலையில் நாடோறும் நனையும் சக்கரம் விலையுயர்ந்ததாக இருப்பதிற் பயனும் இல்லை.

அங்ஙனமாயின் இன்னுஞ் சிறிய இரும்புச் சக்கரம் வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாகாதோ எனின், ஆகாது. விரைவு வண்டிக்குப் பெரிய தடை வேண்டும். இவ்வண்டியின் முன்தடை வட்டு 340 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அதனைத் தழுவும் பிடியும் உளது. எளிய வண்டிகட்குரிய சிறு சக்கரம் அதன்மேல் உட்காராது. பெரியதாயினும், ஆரக்கால்களின் வளைவு பிடியைத் தொடாமை வேண்டும். நடுத்துளை, மரைகளின் இடைவெளி, சக்கரம் உள்வாங்கி நிற்கும் அளவு ஆகிய மூன்றும் பொருந்தவும் வேண்டும். விரைவின்பொருட்டுப் பெற்ற சிறப்பே சிக்கனத்தின் வழியை அடைத்துவிட்டது.

இனி டயரின் வகை. விரைவு வண்டிகட்குரிய குளிர்கால டயர் உலர்ந்த சாலையில் உறுதியாக வளையும். அதன்மேல் 'வி' என்னும் எழுத்திருப்பின் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் தாங்கும். பனிக்கட்டிக்குரிய மெல்லிய டயர் பலவற்றில் 'டி' என்னும் எழுத்தே காணப்படும். அதன் எல்லை 190. திருப்பங்களில் அது சற்றே நெகிழும். ஆயினும், கியூபெக் நெடுஞ்சாலையில் சட்டம் இசைவது 100 கிலோமீட்டரே. உலர்ந்த சாலையில் பெறும் இன்பம் பெரிதோ, உறைந்த விடியலில் பெறும் பிடிப்புப் பெரிதோ? மூன்றாம் பட்டியலே தக்கது என்று துணிந்தோம்.

துணிந்தும் உடனே எழுதக் கை எழவில்லை. அச்சொல் அன்னையாரின் பண்டிகையைப் பறிக்கும் சொல் அன்றோ? அவரை மறைத்து முடிவு செய்தலும் முறையன்று என்று கருதி, "அம்மாவிடம் சொல்லப்போகின்றோம்" என்று தமையனார்க்கு எழுதினோம். மறுமொழியாக ஒரு 'சரி' மட்டும் வந்தது. அன்றிரவே மூன்று பட்டியல்களையும் அன்னையாருக்கு விளக்கினோம். இரப்பர் இறுகும் செய்தியும் தடைவட்டின் அளவும் அவர் கேட்டிலர். "எதைப் பூட்டினால் வண்டி சீக்கிரம் நிற்கும்?" என்று மட்டும் வினவினார். சொன்னோம். சிறிதுநேரம் வாளாவிருந்து, "அதையே வாங்கச் சொல். அவன் வைகாசியில் வரட்டும், மாம்பழமாவது இருக்கும்" என்றார். அதன்பின் அடுக்களைக்குள் சென்றவர் நெடுநேரம் வெளிவரவில்லை.

கார்த்திகைத் தொடக்கத்தில் புதிய சக்கரங்கள் பூட்டப்பெற்றன. ஒவ்வொரு மரையும் 120 நியூட்டன் மீட்டர் அளவிற்கு முறுக்கப்பட்டுச் சில நாள் ஓடியபின் மீண்டும் சோதிக்கப்பட்டது. குளிரில் காற்று சுருங்கும்; 20 பாகை வெப்பத்தில் சதுர அங்குலத்திற்கு 35 ராத்தல் இருந்த டயரில், பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகையில் ஏறத்தாழ 7 ராத்தல் குறையும். ஆதலின் திங்களில் இருமுறையேனும் அழுத்தம் பார்க்குமாறு தமையனார்க்கு எழுதினோம். கழற்றிய கோடைச் சக்கரங்கள், எது எவ்விடத்ததெனக் குறியிடப்பெற்று, நிலவறையில் இளவேனிலை எதிர்நோக்கி உறங்குகின்றன.

பண்டிகை நாள் விடியற்கால ஆராதனை முடிந்து யாம் ஆலயத்தினின்றும் வெளிப்போந்தபோது, ஆண்டு இன்னும் முந்திய நாளின் மாலையே. தமையனார் பணி முடித்து வீடு சேர்ந்து அழைத்தார். அன்று முழுதும் பனி பெய்ததாகவும், சாலையோரத்தில் சில வண்டிகள் பள்ளத்திற் கிடக்கக் கண்டதாகவும் கூறினார். "உனக்கு?" என்று அன்னையார் கேட்டார். "ஒன்றும் நடக்கவில்லை, அம்மா" என்றார். நல்ல காவலின் பயன் இதுவே: ஒன்றும் நிகழாமை. அதனைப் படம் பிடித்துக் காட்டவும் இயலாது, பிறர்க்குப் பெருமையாகச் சொல்லவும் இயலாது. எனினும், அவ்வொரு சொல்லைக் கேட்டு அன்னையார் முகம் மலர்ந்ததை யாம் கண்டோம்; அப்பண்டிகைக்கு அது போதியதாயிற்று.