பாசிக்குள் மறைத்த அழுகல்

சங்கரன்கோவிலில் பூ என்றால் மல்லிகையும் பிச்சியும்தாம். இந்த வெயிலில் ஆர்க்கிட் எதற்கு என்று உம்மா இன்றும் கேட்கிறார். மாடியில் நிழல்வலை கட்டி, கரித்துண்டிலும் தேங்காய் மட்டையிலும் டென்ட்ரோபியம் வளர்க்கிறேன். கிழங்கு என்று சொல்லி விற்கிறோமே, அது உண்மையில் நீரையும் உணவையும் சேமிக்கும் பருத்த தண்டு. இலை உதிர்ந்த பழைய தண்டிலும் உறங்கும் கண் இருந்தால் துளிர் வரும். ஆகவே அதையே வெட்டி விற்கிறோம், மாற்றிக்கொள்கிறோம். வாங்குபவர் காண்பது படத்தை மட்டுமே.

சென்ற குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிச் சகோதரர் ஒருவருக்கு மூன்று தண்டுகள் அனுப்பினேன். பதிலுக்கு அவர் மொட்டு விட்ட செடியையே தந்தார். என் தண்டுகளில் ஒன்றின் அடி பழுப்பேறி மெத்தென்றிருந்தது. அழுகல் கத்தியாலும் நீராலும் அடுத்த தொட்டிக்குப் பரவும். அது தெரிந்தும் பாசியைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

அந்த வார ஜும்ஆ பயானில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த நிகழ்வை இமாம் சொன்னார். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது, பலமுறை கேட்டதுதான். அன்று என் நினைவுக்கு வந்தது தானியம் அன்று, பாசி.

தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன்.

“பிரித்த அன்றே பார்த்துவிட்டேன் பாய். வெட்டி எறிந்தாயிற்று. கேட்டால் சங்கடப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன்” என்றார்.

செடியைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன், மறுத்துவிட்டார். இப்போதெல்லாம் தண்டின் அடிப்புறத்தைத்தான் முதலில் படமெடுக்கிறேன். அவர் தந்த செடி மாடியில் பூத்திருக்கிறது. உம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எனக்கு இன்னும் அதன் அருகே நெடுநேரம் நிற்க முடியவில்லை.